துடிப்பு மாத்திரையின் சகவாச தோஷம்

வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பையை ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள். துடிப்பைச் சீராக்க இதய டாக்டர் எழுதிய அமியோடரோன் 200 இருக்கும். அதே சீட்டில், ரத்தம் உறையாமல் இருக்க, அசிட்ரோமும் இருக்கும். முட்டி வலிக்கு எலும்பு டாக்டர் எழுதியது ஒரு அட்டை. 'கேஸுக்கு' என்று தினமும் காலையில் விழுங்கும் பான்-டி, யார் எப்போது எழுதியது என்பது யாருக்கும் நினைவிருக்காது. போன மாதச் சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிய அசித்ரோமைசினில் இரண்டு மாத்திரை மிச்சம் கிடக்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லாம் ஒரே பையில், ஒரே உடம்பில் சேரும்போதுதான் சிக்கல்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது "பக்க விளைவு உண்டா" என்றுதான் கேட்கிறார்கள். உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த மருந்துகளில் ஆபத்து பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது. கூடச் சேரும் இன்னொரு மருந்து, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, குறைந்துபோன பொட்டாசியம், மெல்ல மெல்லத் தளர்ந்த சிறுநீரகம். மாத்திரை அதேதான், அளவும் அதேதான். ஜனவரியில் ஒத்துக்கொண்டது ஜூனில் விஷமாகிறது என்றால், நடுவில் மாறியது உடம்பும் சகவாசமும்.

குணப்படுத்தும் வேலையே கெடுக்கவும் செய்யும்

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் அலை. செல்லுக்குள் சோடியம் பாய்கிறது, பிறகு கால்சியம், கடைசியில் பொட்டாசியம் வெளியேறி செல் ஓய்வுக்குத் திரும்புகிறது. துடிப்பு மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வாசல்களில் ஒன்றைப் பாதி மூடுகின்றன. ஃப்ளெகைனைடு சோடியம் வாசலை, சோட்டலால் பொட்டாசியம் வாசலை, வெரபமிலும் டில்டியாசெமும் கால்சியம் வாசலை. அமியோடரோன் ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடும். பீட்டா பிளாக்கர்கள் அட்ரினலின் போடும் ஆட்டத்தை அடக்குகின்றன.

மின் ஓட்டத்தை மெதுவாக்கினால் தாறுமாறான சுற்று நின்றுபோகும். அதே மெதுவாக்கலே, தழும்பு விழுந்த இதயத்தில் புதிய சுற்று தொடங்கவும் வழி செய்யும். இதை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று 1980-களில் உறுதியாக நம்பினார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வில் என்கைனைடு, ஃப்ளெகைனைடு இரண்டும் கூடுதல் துடிப்புகளை அழகாக அடக்கின. ஈ.சி.ஜி. சுத்தமானது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்தார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் ஆட்கள், சுமார் 750 பேர். 1989-இல் ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். என்கைனைடு பின்னர் சந்தையிலிருந்தே போய்விட்டது.

ஃப்ளெகைனைடு இன்றும் இருக்கிறது, நல்ல மருந்துதான். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு, பழைய மாரடைப்பு, பம்பிங் குறைவு இருப்பவர்களுக்கு இல்லை. அதனால் இதைத் தொடங்குமுன் எக்கோ அவசியம், வயதைப் பார்த்து அடைப்புக்கான பரிசோதனையும். எக்கோ எடுக்காமல் யாராவது எழுதினால் ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். இதிலிருந்து வரும் இன்னொரு பாடத்தை நம் ஊரில் இன்னும் பலர் ஏற்பதில்லை. இதயம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு எப்போதாவது வரும் 'எக்ஸ்ட்ரா பீட்'டுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. "ஈ.சி.ஜி.யில ஏதோ இருக்காம், மாத்திரை எதுவும் எழுதலையே" என்று டாக்டரைக் குறை சொல்லிக்கொண்டு அடுத்த டாக்டரைத் தேடிப் போவதுதான் அங்கே ஆபத்து.

ஃப்ளெகைனைடில் இன்னொரு கண்ணி. மேலறை நிமிடத்துக்கு 300 முறை சுழலும் ஃப்ளட்டர் நிலையில், நடுவிலுள்ள கணு இரண்டில் ஒன்றைத்தான் கீழே விடும், நாடி 150. மருந்து அந்தச் சுழற்சியை 200 வரை இறக்கிவிட்டால், கணு "இது சமாளிக்கலாம்" என்று ஒவ்வொன்றையும் கீழே விட்டுவிடலாம். மருந்து போட்ட பிறகு நாடி 150-லிருந்து 200-க்கு ஏறும் விநோதம் இப்படித்தான் நடக்கிறது. இதனால்தான் கூடவே மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கரோ டில்டியாசெமோ தருகிறார்கள். "ரெண்டும் இதயத்துக்குத்தானே, ஒண்ணு போதும்" என்று அதை நிறுத்துபவர்கள் தடுப்புச்சுவரையே இடிக்கிறார்கள்.

படபடப்பு வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. எடை 70 கிலோவுக்குக் கீழ் என்றால் ஃப்ளெகைனைடு 200 மி.கி., 70-ம் அதற்கு மேலும் என்றால் 300 மி.கி. ஒரே தடவை. முதல் முறை மருத்துவமனையில் கண்காணிப்பில் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டவர்களுக்கே வீட்டில் அனுமதி. 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை கூடாது. போட்டபின் உட்கார்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. தலைசுற்றினாலோ, ஆறெட்டு மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ மருத்துவமனைதான்.

பன்னிரண்டரைக் கட்டம்

ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். துடிப்பின் கூரான முனை தொடங்கும் இடத்திலிருந்து அதன் பின்னால் வரும் மேடு தரைக்கு இறங்கும் இடம் வரையான தூரத்துக்கு க்யூ.டி. என்று பெயர். நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்தினால் ஆண்களுக்கு 450-க்குள்ளும் பெண்களுக்கு 460-க்குள்ளும் இருப்பது வழக்கம். 500-ஐத் தாண்டினால், அதாவது பன்னிரண்டரைச் சின்னக் கட்டத்தைத் தாண்டினால், அபாய மணி. செல் ஓய்வுக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். அந்த இழுபறியின்போது ஒரு கூடுதல் துடிப்பு வந்து விழுந்தால், முறுக்கிக்கொண்டு ஓடும் ஒரு வேகத் துடிப்பு கிளம்பும். 1966-இல் பிரெஞ்சு மருத்துவர் டெசெர்ட்டென் இதை விவரித்து டொர்சாட் என்று பெயரிட்டார். சில விநாடி நீடித்தால் மயக்கம். நிற்காவிட்டால் உயிர் போகும்.

சோட்டலால் இதற்குப் பேர்போனது. முதல் மூன்று நாள் மருத்துவமனையில் வைத்து ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே தொடங்குவதுதான் பாதுகாப்பான வழி. பெண்களுக்கும், நாடி மெதுவாக இருப்பவர்களுக்கும், பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமியோடரோனும் இந்த நீளத்தைக் கூட்டும், ஆனால் அதில் டொர்சாட் அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளல்ல. மற்றவை கூடச் சேர்ந்தால் அந்த அரிய சங்கதி நடக்கும்.

அந்த மற்றவைதான் நம் பையில் கிடப்பவை. பான்-டி கேப்சூலில் பான்டோப்ரசோலுடன் 30 மி.கி. டொம்பெரிடோன் இருக்கிறது, மெதுவாகக் கரையும் வடிவில். டொம்பெரிடோன் க்யூ.டி.யை நீட்டும் மருந்து. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இலேயே அதை ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு 30 மி.கி.யைத் தாண்ட வேண்டாம், இதய நோயாளிகளுக்கு வேண்டாம் என்று சுருக்கிவிட்டது. இங்கே வருடக்கணக்காகக் காலையில் காப்பிக்கு முன்னால் ஒன்று போடுகிறார்கள். அமியோடரோனோ சோட்டலாலோ சாப்பிடுபவருக்கு அமிலத்துக்கு மாத்திரை வேண்டுமானால் 'டி' இல்லாத வெறும் பான்டோப்ரசோல் போதுமா என்று டாக்டரைக் கேட்கலாம். அதையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் மெக்னீசியம் குறையலாம். அது குறைந்தாலும் டொர்சாட்டுக்குத்தான் வசதி.

அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், ஆன்டன்செட்ரான், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஹாலோபெரிடால், எஸ்சிடலோபிராம். இந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி மாத்திரை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைப்பது பைத்தியக்காரத்தனமல்ல. சாப்பிடவே கூடாது என்ற பட்டியல் இல்லை இது. "எனக்குத் துடிப்பு மாத்திரை ஓடுது, இது ஒத்துப்போகுமா" என்று கேட்க வேண்டிய பட்டியல்.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் போய் நின்றால் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, அம்மாவுக்கு நேத்துலேர்ந்து போய்க்கிட்டே இருக்கு, வாந்தியும் இருக்கு."

"வாந்திக்கு ஒண்ணு, லூஸ் மோஷனுக்கு ஒண்ணு தரேன் தம்பி. ரெண்டு வேளை குடுங்க, நின்னுடும்."

முதலாவது ஆன்டன்செட்ரான், இரண்டாவது ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. கொடுத்தவர் கெட்டவரில்லை. வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இப்போது உடம்பில் நடப்பதைப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மெக்னீசியமும் போகின்றன. நீர் வற்றியதால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது, சோட்டலாலும், நாடியை இறக்கும் பழைய மருந்தான டிகாக்சினும் வெளியேறாமல் தேங்குகின்றன. ஆன்டன்செட்ரான் க்யூ.டி.யை நீட்டுகிறது, ஆஃப்ளாக்சசினும் அதே திசையில் தள்ளுகிறது. கால் வீக்கத்துக்கான லேசிக்ஸ் வேறு வழக்கம்போல் உள்ளே போகிறது, இன்னும் கொஞ்சம் நீரையும் பொட்டாசியத்தையும் வெளியே இழுக்க. ஐந்து காரணங்கள் ஒரே இரவில் ஒரே இடத்தில் கூடிவிட்டன. இரண்டாம் நாள் கழிவறைக்கு எழுந்து போகையில் விழுந்தால் "பலவீனத்தில் விழுந்துட்டாங்க" என்பார்கள். அது பலவீனமாகவே இருக்கலாம், சில விநாடி ஓடிய டொர்சாட்டாகவும் இருக்கலாம். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது எளிது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண்ணால் பார்த்த அளவில் பாதி பாக்கெட்டைக் கலக்காதீர்கள். பம்பிங் குறைவால் தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள் அதற்கும் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு மேல் வாந்தியோ போக்கோ நீடித்தால், அல்லது சிறுநீர் குறைந்தால், அன்றே டாக்டரை அழைத்து லேசிக்ஸ், டிகாக்சின், சோட்டலால் மூன்றையும் என்ன செய்வது என்று கேளுங்கள். நீங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்துவதும் தப்பு. பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஒரு ஈ.சி.ஜி. மூன்றும் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அரை நாளில் முடிகிற காரியம். பொட்டாசியத்தின் சாதாரணக் கீழ் எல்லை 3.5. துடிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு 4-க்கு மேல் இருப்பதே நல்லது.

1.3 என்ற எண் சொல்லாத சங்கதி

70 வயது அம்மா, எடை 48 கிலோ, கிரியேட்டினின் 1.3. லேப் தாளில் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அவ்வளவுதான். "லேசாக் கூடியிருக்கு" என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 70. அதை 48-ஆல் பெருக்கினால் 3360. கீழே 72-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 93.6. வகுத்தால் சுமார் 36. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 30. நிமிடத்துக்கு 30 மில்லிதான் சிறுநீரகம் சுத்தம் செய்கிறது, இளம் வயதில் செய்ததில் மூன்றில் ஒரு பங்கு. தசை குறைந்த மெலிந்த உடம்பில் கிரியேட்டினின் அதிகம் ஊறுவதில்லை, அதனால் எண் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது.

30 என்றால் என்ன? சோட்டலால் பக்கமே போகக் கூடாது. தினம் 0.25 மி.கி. டிகாக்சின் இவருக்கு அதிகம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளில் ரிவரோக்சபான் 20 இல்லை, 15. டாபிகாட்ரான் வேண்டாம் என்று பல டாக்டர்கள் ஒதுங்குவார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் பாதிப்பேர் 50 கிலோவைத் தாண்டாதவர்கள். துடிப்பு மாத்திரை ஓடும் வயதானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்த்து, கூடவே அன்றைய எடையையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எடை இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது.

டிகாக்சின்: சனி ஞாயிறு லீவு

1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடி பற்றி எழுதியதிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை போதும். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும்போது மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு நேரே லேபுக்குப் போனால் பொய்யான உயர்ந்த எண்தான் வரும்.

வாரத்தில் ஐந்து நாள் போட்டு இரண்டு நாள் விடும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. சராசரியில் அளவைக் குறைக்கிறது என்பது சரி. ஆனால் எந்த இரண்டு நாள் என்பதில் வயதானவர்கள் குழம்புகிறார்கள், திங்கட்கிழமை இரண்டாகச் சேர்த்துப் போடுபவர்களும் உண்டு. 0.125 மி.கி. தினமும் என்று கேட்டு வாங்குவது மேல் என்பது என் கட்சி.

நஞ்சேறும்போது முதலில் தெரிவது பசியின்மையும் குமட்டலும். வீட்டில் அதை 'வயிறு சரியில்லை' என்று விட்டுவிடுவார்கள். பொருள்கள் மஞ்சளாகத் தெரிவது, குழப்பம், நாடி 60-க்குக் கீழ் போவது எல்லாம் பின்னால் வரும். பசியே இல்லை என்று ஒரு வாரமாகச் சொல்லும் டிகாக்சின் நோயாளிக்கு இஞ்சிச் சாறு கொடுக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அமியோடரோன் புதிதாகச் சேர்த்தால் டிகாக்சினைப் பாதியாக்க வேண்டும். வெரபமில், கிளாரித்ரோமைசினும் அதன் அளவை ஏற்றும்.

அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருப்பது இதே குடும்பத்து நஞ்சுதான். யாழ்ப்பாணத்தில் 1980-கள் முதல் மஞ்சள் அரளி நஞ்சு பெரும் பிரச்சினையாகி, டிகாக்சினுக்கான முறிமருந்தையே இலங்கை மருத்துவமனைகளில் அதற்குக் கொடுத்துச் சோதித்தார்கள், பலனும் கிடைத்தது. இதைச் சொல்லக் காரணம், 'இதயத்துக்கு நல்லது' என்று சுற்றும் பச்சிலைக் குறிப்புகளில் இந்த வகைச் செடிகளும் தலைகாட்டுகின்றன.

பச்சிலை என்றதும் அதிமதுரத்தையும் சொல்லிவிட வேண்டும். இருமலுக்கு ஒரு நாள் மென்றால் ஒன்றுமில்லை. தினமும் கஷாயம் போட்டுக் குடித்தால் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். மலச்சிக்கலுக்கு நிலாவாரைச் சூரணத்தைத் தினப்படி பழக்கமாக்குவதும் பொட்டாசியத்தில்தான் கை வைக்கும். எதிர்ப் பக்கமும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரனோலாக்டோனோ டெல்மிசார்டானோ ஓடுகிறவர் 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று தினம் இரண்டு இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறும். ஏறினால் துடிப்பு நின்றே போகலாம். பம்ளிமாஸ் பழம் அமியோடரோன் போன்ற மருந்துகளை உடம்பு சிதைத்து வெளியேற்றுவதைத் தடுக்கக்கூடிய இனம், அதை ஒதுக்கிவிடலாம்.

அமியோடரோன்: வந்தால் போகாத விருந்தாளி

1960-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சு வலிக்காகச் செய்த மருந்து இது. துடிப்புக் கோளாறில் இதைவிட வலுவான மாத்திரை கையில் இல்லை, பம்பிங் குறைந்தவர்களுக்கும் தரலாம். எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மி.கி. மாத்திரையில் 75 மி.கி. அயோடின். இதில் நாளுக்கு ஆறு மி.கி. அளவு தனி அயோடினாக ரத்தத்தில் கலக்கிறது. உடம்புக்குத் தேவையோ நாளுக்கு 0.15 மி.கி. அப்படியானால் தைராய்டு திணறுவதில் என்ன ஆச்சரியம்? சிலருக்கு வேலையை நிறுத்திவிடும்: சோர்வு, எடை கூடுவது, குளிர் தாங்காமை. அப்போது தைராக்சின் சேர்த்து அமியோடரோனைத் தொடரலாம். சிலருக்கு வெறியாட்டம் போடும்: எடை இழப்பு, நடுக்கம், அடங்கியிருந்த படபடப்பு மறுபடி தலைதூக்கும். அந்தப் படபடப்பைப் பார்த்து "மாத்திரை போதலை" என்று அளவைக் கூட்டினால் நெருப்பில் நெய். முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும்.

நுரையீரல்தான் உண்மையில் பயப்பட வேண்டிய இடம். வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். இதைச் சளி, நிமோனியா, இதயம் தளர்ந்தது என்று எப்படி வேண்டுமானாலும் தவறாகப் படிக்கலாம். இருமலுக்காக வேறு டாக்டரிடம் போகும்போது 'அமியோடரோன் சாப்பிடுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் மாதக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும். தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, டி.எஸ்.எச்., கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி., கண் பார்வை. பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை தைராய்டும் கல்லீரலும், ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரே. கருவிழியில் பொடி படிவது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், அதனால் பார்வை கெடாது. ஆனால் பார்வை மங்கினால் உடனே கண் டாக்டர். வெயிலில் தோல் எரியும், நாளாக ஆக முகம் நீலச் சாம்பலாகலாம். நம் வெயிலுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மாத்திரையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் நாளுக்கு மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று படியிறக்குவது வழக்கம். இறக்கும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்காவிட்டால், பழைய சீட்டைக் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் மூன்றாகவே தொடரும் விபத்து நடக்கிறது. கொழுப்பில் தங்கிவிடும் மருந்து இது. பாதி வெளியேறவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். ஒரு நாள் மறந்தால் குடி முழுகாது. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அது உள்ளே இருப்பதாகவே கருதி மற்ற மருந்துகளைப் பார்க்க வேண்டும். கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது. அசிட்ரோம், வார்ஃபரின் அளவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைய வேண்டியிருக்கும். இந்த ஏற்றம் வாரக்கணக்கில் மெல்ல வருவதால், முதல் ஆறெட்டு வாரம் வாராவாரம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்ப்பது நல்லது.

நாடியை இறக்கும் மாத்திரைகள்

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் வகையறா இவற்றில் மிகவும் சாதுவானவை. ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது என்று நான்கு நாள் விட்டால் படபடப்பும் நெஞ்சு வலியும் பழிவாங்கும். எக்ஸ்.எல். என்று எழுதிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள், ஒரு நாள் அளவு மொத்தமும் ஒரே மணியில் இறங்கிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தாழ்சர்க்கரையின்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. திடீரென்று குப்பென்று வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள். பதற்றத்துக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் ப்ரோப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும்.

வெரபமிலும் டில்டியாசெமும் பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆகாது. பீட்டா பிளாக்கரோடு இவை சேர்ந்தால் நாடி 40-க்கும் கீழே சரியலாம். ஒரு டாக்டர் ரத்த அழுத்தத்துக்கும் இன்னொருவர் துடிப்புக்கும் எழுதும்போது இந்த ஜோடி தற்செயலாக அமைந்துவிடும்.

ரத்தம் உறையாமைக்கான மாத்திரை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, உள்ளவர்களுக்குத் துடிப்பு மாத்திரையைவிட உயிரைக் காப்பது இதுதான். பக்கவாத ஆபத்து அவர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. 2002-இல் வெளியான, 4,060 பேர் பங்குபெற்ற அஃபர்ம் ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐ.என்.ஆர். 2-க்குக் கீழ் இருந்தவர்கள். துடிப்பு சீராகிவிட்டது என்பது இந்த மாத்திரையை நிறுத்தக் காரணமே இல்லை. ஆஸ்பிரின் இதற்கு மாற்றும் இல்லை.

வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்தான். அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் என்ற புது மாத்திரைகளுக்கு மாற்றக் கேட்காதீர்கள். 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் வாத வால்வு நோயாளிகளிடம் ரிவரோக்சபான் தோற்றது. இளம் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேச வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து சிசுவைப் பாதிக்கக்கூடிய மருந்து வார்ஃபரின்.

கீரையை விட வேண்டாம். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள், அவ்வளவுதான். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்ற கிருமிக்கொல்லிகள் சேர்ந்தால் மூன்று நான்கு நாளில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், அதுவும் இடுப்பில் ஊசியாக வேண்டவே வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று கிளினிக்கில் நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே ஆகாது.

அபிக்சபான் 5 மி.கி. இரண்டு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் 2.5. ஒன்று மட்டும் இருந்தால் குறைக்கக் கூடாது. 'வயசாயிடுச்சு, சின்னதாவே இருக்கட்டும்' என்று குறைப்பதால் பக்கவாதத்துக்கு வழி திறக்கிறோம். ரிவரோக்சபான் 20-ஐ வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு சேராமல் வீணாகும், இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். விரதம், நோன்பு நாள்களிலும் சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். டாபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்துப் பாலில் கொட்டினால் உறிஞ்சும் அளவு ஏகமாகக் கூடும். அதை வாரப் பெட்டியில் பிரித்துப் போடவும் கூடாது, ஈரம் பட்டால் கெடும். வேளை தவறினால், இரண்டு வேளை மருந்துக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளும் ஒரு வேளை மருந்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், இரட்டையாகப் போடக் கூடாது. பல் பிடுங்க இவற்றைச் சொந்தமாக நிறுத்த வேண்டாம், பெரும்பாலும் நிறுத்தத் தேவையே இருக்காது.

மயக்கம், மயங்கப் போகிற உணர்வு, நாடி 40-க்குக் கீழ் அல்லது ஓய்வில் 150-க்கு மேல், தார் போன்ற கருப்பு மலம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, தலையில் அடி. எது வந்தாலும் காத்திருக்காமல் 108. இலங்கையில் 1990. ரத்தம் உறையாமை மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் சி.டி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். போகும்போது சீட்டைத் தேடி நேரம் கழிக்காமல் மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், காலியான அட்டைகளையும் சேர்த்து. கடைசியாக எதை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.